எரிகிறது என்று இரவுச் சொட்டை நிறுத்தலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 61 வயது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பென்சன் எடுத்து, இப்போது திருகோணமலை உப்புவெளியில் மகளோடு இருக்கிறேன். மூன்று வருடமாகக் குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு லாட்டனோபிரோஸ்ட், காலையும் பின்னேரமும் டிமோலோல். கண் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆனால் இரவு இரண்டு மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல இருக்கிறது. இமை ஒட்டிப்போய்த் திறக்க முடிவதில்லை. இழுத்துத் திறந்தால் வெட்டுகிற மாதிரி ஒரு வலி. இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் மோசம். போன கிழமை மூன்று இரவு லாட்டனோபிரோஸ்டை விடாமல் படுத்தேன், கண் கொஞ்சம் சுகமாக இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடலாமா? பக்கத்து வீட்டு மாமி நந்தியாவட்டைப் பூவைப் பன்னீரில் ஊறப்போட்டு விடச் சொல்கிறார். அதையும் செய்து பார்க்கலாமா?
— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, இன்றிரவே லாட்டனோபிரோஸ்டைத் திரும்பத் தொடங்குங்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு ஆறுதலாகப் பேசுவோம்.

உங்கள் கண்ணில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. எரிவும் மணலும் கண்ணின் மேற்பரப்பில். குளுக்கோமா கண்ணின் பின்பக்கத்தில், மூளைக்குப் போகும் நரம்பில். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், நாம் பிரஷர் என்று சொல்வது, கூடினால் அந்த நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கிற குளுக்கோமா வலிக்காது, எரியாது, சிவக்காது. கண் பிரஷர் பொதுவாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்கும். அது மெல்ல மெல்ல ஏறினால் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. நீங்கள் சொட்டு விடாத அந்த மூன்று இரவும் கண்ணின் மேல்தோலுக்கு ஓய்வு கிடைத்தது, அதனால்தான் சுகமாக இருந்தது. ஆனால் லாட்டனோபிரோஸ்டின் வேலை ஏறக்குறைய ஒரு நாள்தான் நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் விட்டால் பாதி நாள் அந்த நரம்புக்குக் காவல் இல்லை. பிரஷர் நன்றாக இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னதும் இந்தச் சொட்டை விட்டதால்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அம்மா. நான் கண் வார்டில் தாதியாக வேலை செய்த காலம் அது. அம்மா தம்பலகாமத்தில் இருந்தார். மாதா மாதம் சொட்டுப் போத்தலை நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். "விடுறீங்களா அம்மா?" என்று கேட்டால், "ஓம் பிள்ளை, விடுறன்" என்பார். ஒருநாள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது வெற்றிலைத் தட்டத்துக்குப் பின்னால் நான்கு போத்தல்களைக் கண்டேன். இரண்டின் மூடி முத்திரைகூட உடையவில்லை. மற்ற இரண்டும் கையில் எடுத்துப் பார்த்தால் கனமாக இருந்தன. "எரியுது பிள்ளை. உன்னட்டச் சொன்னா ஏசுவாய் எண்டு சொல்லேல்ல" என்றார். அதற்குள் வலது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது. அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வந்ததை நாங்கள் வயதுக் கோளாறு என்று நினைத்திருந்தோம். செத்த நரம்பைத் திரும்ப உயிர்ப்பிக்க மருந்து கிடையாது. அன்றைக்கு என்னால் ஏச முடியவில்லை. அவரிடம் "எரிகிறதா?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பதுதான் மனதை அறுத்தது.

2014இல் எனக்கும் குளுக்கோமா என்று சொன்னார்கள். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரக்கூடிய நோய். (உங்கள் மகளுக்கு 40 வயது நெருங்கினால் அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிரஷரும் நரம்பும் பார்த்துவிடுங்கள்.) ஆகவே உங்கள் இரண்டு மணி முழிப்பு எனக்குக் கேள்விப்பட்ட கதை இல்லை.

சரி, ஏன் எரிகிறது? பெரும்பாலான சொட்டுப் போத்தல்களில் மருந்தோடு, கிருமி வளராமல் தடுக்கும் ஒரு இரசாயனமும் இருக்கிறது. அதிகம் சேர்ப்பது பென்சல்கோனியம் குளோரைட். அது சவர்க்காரம் மாதிரி வேலை செய்யும். நம் கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது, கண்ணீர் காய்ந்துவிடாமல் காப்பது அதுதான். இந்த இரசாயனம் அந்தப் படலத்தை உடைக்கிறது. கண்ணீரை வழுவழுப்பாக வைத்திருக்கும் சளியைச் சுரக்கிற செல்களையும் நாளடைவில் கெடுக்கிறது. உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கண்ணில் மூன்று சொட்டு. மூன்று வருடத்தில் மூவாயிரம் தடவைக்கு மேல் இது உங்கள் கண்ணில் விழுந்திருக்கிறது. போதாததற்கு லாட்டனோபிரோஸ்ட் இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளையும் சிலருக்கு அடைக்கும். நித்திரையில் கண்ணீர் சுரப்பதே குறைவு. எல்லாம் சேர்ந்து இரண்டு மணிக்கு உங்களை எழுப்புகின்றன.

அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "பிரஷர் எப்படி?" என்று கேட்டுவிட்டு எழும்பி வராதீர்கள். "சொட்டு எரிகிறது, இரவில் கண் காய்ந்து முழிப்பு வருகிறது, மூன்று இரவு விடவில்லை" என்று மூன்றையும் சொல்லுங்கள். விடாததை மறைத்தால், பிரஷர் ஏறியிருப்பதைப் பார்த்து மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு போத்தலைச் சேர்த்துவிடுவார்கள். எரிவு இரண்டு மடங்காகும். அப்புறம், இந்த இரசாயனம் சேராத சொட்டு கிடைக்குமா என்று கேளுங்கள். லாட்டனோபிரோஸ்டே அப்படி வருகிறது, டாஃப்ளுபிரோஸ்ட் என்று இன்னொன்றும் இருக்கிறது. விலை கூடத்தான், எல்லாப் பாமசியிலும் இருக்காது. அது முடியாவிட்டால் இரண்டு மருந்தும் ஒரே போத்தலில் கலந்து வருவது இருக்கிறதே, அதை ஒரு நாளைக்கு ஒரு தடவை விட்டால் போதும். மூன்று சொட்டு ஒன்றாகக் குறையும். லேசரும் ஒரு வழி. பிரித்தானியாவில் நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில், புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்டு முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கு மூன்று வருடம் கழித்தும் சொட்டு தேவைப்படவில்லை. உங்களுக்குப் பொருந்துமா என்று கண்ணின் உள்கோணத்தை, அதாவது கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற இடத்தை, பார்த்துத்தான் சொல்ல முடியும். கேட்பதில் குற்றமில்லை.

கிளினிக் நாள் வரும்வரை இரவை எப்படிக் கழிப்பது என்று சொல்கிறேன்.

லாட்டனோபிரோஸ்டை ஒன்பது மணிக்கு விடாமல் ஏழரைக்கு, செய்தி பார்க்கும் நேரத்தில் விடுங்கள். தினமும் அதே நேரம். விட்டவுடன் வரும் எரிவு படுக்கப் போகுமுன் அடங்கிவிடும். டிமோலோலும் அந்த நேரத்தில் வந்தால் இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு போதும். கண்ணில் அதற்கு மேல் நிற்க இடமில்லை, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். விட்டதும் கண்ணை மூடி, மூக்குப் பக்கத்து மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். டிமோலோலுக்கு இது முக்கியம், அது உடம்பில் ஏறினால் சிலருக்கு நாடி குறையும், மூச்சு முட்டும். (இழுப்பு, அதாவது ஆஸ்துமா, இருப்பவர்கள் வைத்தியர் டிமோலோலுக்கு மருந்துத் துண்டு எழுதும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.) இமையில் வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், தோல் கறுக்காது.

படுக்கும்போது, கடைசியாக, செயற்கைக் கண்ணீர் ஜெல். கார்போமர் என்று கேட்டால் பாமசியில் தெரியும். அதுவும் தாங்காவிட்டால் பரஃபின் சேர்ந்த கண் களிம்பு, கீழ் இமைக்குள் ஒரு அரிசி மணி அளவு. களிம்பு எப்போதும் கடைசி. அதற்கு மேல் சொட்டு விட்டால் மருந்து உள்ளே போகாது. களிம்பு போட்டபின் பார்வை மங்கும், ஆகவே கழிவறைக்கும் போய்வந்து, தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள். பகலில் செயற்கைக் கண்ணீர் நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், ஒவ்வொரு தடவைக்கும் உடைத்து விடுகிற சின்னக் குப்பியாக வாங்குங்கள். போத்தலில் வருவதில் பெரும்பாலும் அதே இரசாயனம்தான் இருக்கிறது.

இனி, முழிப்பு வருகிற அந்த நேரம். நீங்கள் எழுதிய வெட்டுகிற வலி, காய்ந்த இமை கருவிழியின் மெல்லிய தோலில் ஒட்டி, அதை இழுத்துக்கொண்டு திறப்பதால் வருவது. முழித்தவுடன் கண்ணைத் திறக்காதீர்கள். மூடிய இமைக்குள்ளேயே விழியை மெதுவாக இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஒரு ஏழெட்டுத் தடவை உருட்டுங்கள். முதல் இரண்டு தடவை சுரசுரவென்றிருக்கும். பிறகு உள்ளே ஒரு ஈரம் ஊறுவது தெரியும், மூலையில் ஒரு துளி வந்து நிற்கும். அப்போது ஒரு நூலளவு திறந்து, அந்த இடைவெளியால் ஒரு சொட்டுச் செயற்கைக் கண்ணீர். இன்னும் கொஞ்சம் மூடியிருந்து, பிறகு முழுதாகத் திறக்கலாம். கசக்க மட்டும் வேண்டாம். கசக்கினால் பிரஷரும் ஏறும், தோலும் உரியும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் செயற்கைக் கண்ணீரைத் தவிர வேறு எந்தப் போத்தலும் இருக்கக்கூடாது. நான் ஒரு இரவு இருட்டில் தடவி, கண்ணீர் என்று நினைத்து டிமோலோலை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து குளுக்கோமாப் போத்தல்களுக்கு இறப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன், விரலுக்கே தெரியும். லாட்டனோபிரோஸ்டின் இடம் ஃபிரிட்ஜ் கதவு. உறையவிடும் தட்டில் வைக்கக்கூடாது. திறக்காத போத்தல் எப்படியும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். திறந்ததை 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், நம் ஊரில் ஆடி ஆவணியில் அலுமாரிக்குள் 25 பாகை எங்கே இருக்கிறது? திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, நான்கு கிழமையில் புதியது எடுங்கள்.

கச்சானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை மேற்கே தரைப்பக்கமிருந்து வருகிற அந்தக் காற்று கொடியில் போட்ட துவாயை அரை மணியில் காயவைக்கிறது. கண்ணை விடுமா? வாடைக்காற்று தொடங்கியதும் என் கண் பாதி சுகமாகிவிடும், உங்களுக்கும் அப்படி இருக்கலாம். கச்சான் காலத்தில் மேற்குப் பக்கத்து ஜன்னலை இரவில் சாத்தி, கடல் பக்கத்தைத் திறந்து வையுங்கள். மேசை ஃபானைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மாற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள். காற்று அறையில் சுற்றினால் போதும், முகத்தில் அடிக்க வேண்டாம். நுளம்புச் சுருள் புகை கண்ணுக்குக் கூடாது, வலை கட்டிப் படுங்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களோடு படுக்கப் போகுமுன் ஒரு மணித்தியாலம் வீடியோவில் பேசுகிற பழக்கம் இருந்தால், முகத்தைப் பார்த்தபடியே கண் சிமிட்ட மறந்துவிடுவோம். பேச்சைக் குறைக்கச் சொல்லவில்லை, ஃபோனைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிள்ளையின் குரல் போதும்தானே.

மகளிடம் ஒரு உதவி கேளுங்கள். நீங்கள் நன்றாக நித்திரையானபின் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, இமை முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இடது கண்ணில் கீழே ஒரு கீற்று வெள்ளை தெரிகிறது என்று பேத்திதான் கண்டுபிடித்தாள். அப்படியானால் ஜெல் போதாது, களிம்பு தேவை. கிளினிக்கிலும் சொல்ல வேண்டும்.

கண் காய்ந்தால் நிறையத் தண்ணீர் குடி என்று எல்லோரும் சொல்வார்கள். குடியுங்கள், ஆனால் ஒரேயடியாக ஒரு போத்தலை அண்ணாந்து குடித்தால் கண் பிரஷர் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். நமக்கு நாள் முழுக்கச் சிறுகச் சிறுகத்தான். குப்புறப் படுப்பதும் பிரஷரை ஏற்றும், தலையணையில் கண் அமுங்கக்கூடாது. காலையில் இமைக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்தால் அடைத்த எண்ணெய் இளகும். துவாயை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து நிமிடம் வைத்தால் சரி, அழுத்த வேண்டாம். குளுக்கோமாவுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஒத்தடம் பக்கமே போக வேண்டாம்.

மாமியின் நந்தியாவட்டைக்கு வருகிறேன். அவர் அன்பில்தான் சொல்கிறார், நானும் சின்ன வயதில் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவள். இப்போது வேண்டாம். பூவிலும் பன்னீரிலும் கிருமி இருக்கும். மேல்தோல் புண்ணாகி இருக்கிற கண்ணில் அந்தக் கிருமி இறங்கினால் கருவிழி வெள்ளை விழுந்துவிடும். தேன், தாய்ப்பால், ஆமணக்கெண்ணெய், கன்னியா வெந்நீர்க் கிணற்றிலிருந்து போத்தலில் கொண்டுவருகிற தண்ணீர், எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். மாமிக்கு மனம் நோகும் என்றால் அந்தப் பூவை வாங்கிச் சாமிக்கு வையுங்கள்.

ஒன்றை மட்டும் காலை வரை பார்க்கலாம் என்று விடவேண்டாம். ஒரு கண்ணில் தாங்க முடியாத வலி, கண் சிவந்து பார்வை புகைமண்டுதல், பல்பைச் சுற்றி வானவில் வளையம், தலையிடியும் வாந்தியும். இது காய்ந்த கண் இல்லை, பிரஷர் சட்டென்று ஏறியதன் அடையாளம். இருட்டில் கண் பாப்பா, நடுவில் உள்ள கறுப்பு வட்டம், விரிகிற நேரத்தில்தான் இது வரப் பார்க்கும். உடனே 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்த இரவே மருந்து ஏறினால் கண்ணைக் காப்பாற்றலாம்.

கேள்வி: நோன்பு காலத்தில் குளுக்கோமாவுக்கான பகல் சொட்டை நான் போடுவதில்லை, தொண்டையில் கசக்கிறது. சரியா?
— ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: ஒரு மாதம் சொட்டு இல்லாமல் இருப்பது உங்கள் நரம்புக்கு நீண்ட காலம், தம்பி. கண் சொட்டு நோன்பை முறிக்காது என்று பல ஆலிம்கள் சொல்கிறார்கள். உங்கள் பள்ளி மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டு மனதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மனம் ஒப்பவில்லை என்றாலும் வழி இருக்கிறது. இரண்டு வேளைச் சொட்டை ஸஹர் நேரம் முடியுமுன்னும் இஃப்தாருக்குப் பிறகும் விடலாம், இரவுச் சொட்டில் மாற்றமே தேவையில்லை. மூன்று வேளை என்று துண்டில் எழுதியிருந்தால் நோன்புக்கு முந்தியே கிளினிக்கில் சொல்லி மாற்றி வாங்குங்கள். கசப்பு வருவது மருந்து மூக்கு வழியாக இறங்குவதால். மேலே சொன்ன மாதிரி மூலையை இரண்டு நிமிடம் பிடித்தால் வராது.

கேள்வி: கடலுக்குப் போகிறவன். கண் சிவந்து எரிந்தால் முன்பு ஒருதரம் எழுதித் தந்த பெட்டாமெத்தசோன் சொட்டையே பாமசியில் வாங்கி விடுகிறேன், உடனே சுகம். பல மாதமாக இதுதான் மருந்து. அப்பாவுக்குக் குளுக்கோமா. பயப்பட வேண்டுமா?
— ஒரு வாசகர், மூதூர்

பதில்: ஆம் தம்பி, நீங்கள் இந்தக் கிழமையே கண் வைத்தியரைப் பார்க்க வேண்டும். அது ஸ்டீரொய்ட் சொட்டு. சிவப்பை அப்படியே அமர்த்தும், சிலருக்கு அதே நேரத்தில் கண் பிரஷரை ஏற்றிக்கொண்டு போகும். தகப்பனுக்குக் குளுக்கோமா இருக்கும் உங்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. டெக்சாமெத்தசோனும் இந்த இனம்தான். இனி அதைக் கடையில் வாங்காதீர்கள். உப்பும் வெயிலும் காற்றும் படுகிற கண்ணுக்கு விளிம்புத் தொப்பியும், பக்கம் மூடிய கறுப்புக் கண்ணாடியும், கரைக்கு வந்ததும் செயற்கைக் கண்ணீரும் போதும். வைத்தியரிடம் போகும்போது அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை போத்தல், எத்தனை மாதம் என்று அவருக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.